மெடிக்கல் கேன்னபிஸை சட்டப்படி வாங்குறது எப்படி: நோயாளிக்கும் கூட நிக்கிறவங்களுக்கும் முழு வழிகாட்டி

வருஷக்கணக்கா வலி, இல்ல மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு, இல்ல கீமோ முடிஞ்சும் நிக்காத குமட்டல், இப்படி எல்லாத்தையும் பாத்து சலிச்சுப் போன நேரத்துல யாராவது ஒருத்தர் "கேன்னபிஸ் மருந்து இருக்காமே, கேட்டுப் பாருங்க"ன்னு சொல்வாங்க. கேன்னபிஸ்னா கஞ்சாச் செடி. உடனே நம்ம ஆளுங்க பண்ற முதல் வேலை எந்த கிளினிக்ல குடுப்பாங்கன்னு தேடுறது. அங்கதான் பாதி பேர் காசையும் மாசங்களையும் விடுறாங்க. கிளினிக் தேடுறது கடைசில வர்ற வேலை. முதல்ல உங்க ஃபைல், அப்புறம் உங்க நாட்டுச் சட்டம், அப்புறம் எந்தப் பொருள்னு தெளிவு, அதுக்கப்புறம்தான் டாக்டர். இந்த மருந்து விஷயத்துல உங்க கைல இருக்கிற பாட்டில் சட்டபூர்வமா இல்லையாங்கறத தீர்மானிக்கிறது உள்ள இருக்கிற எண்ணெய் இல்ல, அதோட வர்ற பேப்பர். அதனால இந்த வழிகாட்டி முழுக்க பேப்பர் பேப்பர்னு சொல்லிட்டே இருப்பேன், சலிச்சுக்காம படிங்க.

ஸ்டெப் 1: எதைக் கேக்கப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கோங்க

மெடிக்கல் கேன்னபிஸ்னு ஒரே பேர்ல மூணு வேற வேற விஷயத்தச் சொல்றாங்க.

முதல் வகை, மத்த மருந்து மாதிரியே முழு சோதனை முடிஞ்சு அரசு அனுமதி வாங்கினது. எபிடியோலெக்ஸ்னு ஒரு சிரப் இருக்கு, சுத்திகரிச்ச சிபிடி (கஞ்சாச் செடியில இருக்கிற ஒரு பொருள்), 2018 ஜூன்ல அமெரிக்காவோட மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு, ட்ராவே சிண்ட்ரோம், லெனாக்ஸ் காஸ்டோ சிண்ட்ரோம்ங்கற ரெண்டு கடுமையான வலிப்பு நோய்க்கு, 2020ல ட்யூபரஸ் ஸ்கிளீரோசிஸையும் சேத்தாங்க. சாட்டிவெக்ஸ்னு வாய்ல அடிக்கிற ஸ்ப்ரே, டிஹெச்சிங்கற இன்னொரு பொருளும் சிபிடியும் கிட்டத்தட்ட சரிபாதி, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (எம்எஸ்) நரம்பு நோய்ல வர்ற தசை இறுக்கத்துக்கு. நாபிலோன், ட்ரோனாபினால்னு ரெண்டு மாத்திரை, ரெண்டுமே 1985லயே அமெரிக்காவுல அனுமதி வாங்கினது, கீமோ குமட்டலுக்கு. இந்த லிஸ்ட்ல உங்க நோய் இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி, ஏன்னா இது சாதாரண பிரிஸ்கிரிப்ஷன் வழியிலயே போகும், பல நாட்டுல இன்ஷூரன்ஸும் வரும்.

ரெண்டாவது வகை, தரக்கட்டுப்பாட்டோட தயாரிச்ச எண்ணெய், கேப்ஸ்யூல், காய்ஞ்ச பூ. இதுக்கு மருந்துங்கற லைசென்ஸ் கிடையாது, ஆனா டாக்டர் தன் பொறுப்புல எழுதித் தர சட்டம் வழி விட்டிருக்கு. பெரும்பாலான நாள்பட்ட வலி நோயாளிங்க வர்றது இங்கதான்.

மூணாவது, கடையிலயும் ஆன்லைன்லயும் விக்கிற சிபிடி எண்ணெய். இது மருந்து இல்ல. லேபிள்ல போட்ட அளவு உள்ள இல்லாமயும் இருக்கும், இருக்கவே கூடாத டிஹெச்சி இருக்கவும் செய்யும். இதை வாங்கிட்டு நான் மெடிக்கல் பேஷண்ட்னு சொன்னா எந்த போலீஸும் ஒத்துக்காது.

டிஹெச்சிதான் போதை தர்ற பொருள், சட்டமும் டிரைவிங் டெஸ்ட்டும் துரத்துறது அதைத்தான். சிபிடி போதை தராது, ஆனா அதுக்காக அதை லேசா எடுத்துக்கக் கூடாது, ஏன்னு மூணாவது ஸ்டெப்ல சொல்றேன்.

ஸ்டெப் 2: உங்க நோய்க்கு ஆதாரம் எவ்வளவு இருக்குன்னு பாருங்க

இதை மனசக் கல்லாக்கிட்டு படிக்கணும். 2017ல அமெரிக்காவோட நேஷனல் அகாடமிஸ் பெரிய அறிக்கை ஒண்ணு வெளியிட்டுச்சு, அதுல பெரியவங்களோட நாள்பட்ட வலி, கீமோ குமட்டல், எம்எஸ் நோயாளிங்க தாங்களே உணர்ற தசை இறுக்கம், இந்த மூணுக்கும்தான் ஓரளவு உறுதியான ஆதாரம் இருக்குன்னு சொன்னாங்க. ஆனா 2021ல வலி ஆராய்ச்சிக்கான சர்வதேச சங்கம், வலிக்கு இதைப் பொதுவா பயன்படுத்துறதை ஆதரிக்கிற அளவுக்கு நல்ல ஆதாரம் இல்லன்னுட்டாங்க. அதாவது வலி விஷயத்துல நிபுணர்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது. அதனால உங்க டாக்டர் தயங்கினா அவர் பழைய ஆளுன்னு கோவப்படாதீங்க, அவர் படிச்சதும் ஒரு பக்கம் நியாயமானதுதான்.

கிளாக்கோமாவுக்கு நல்லதுன்னு ரொம்ப பேர் சொல்வாங்க. கண் அழுத்தம் குறையறது நிஜம், ஆனா சில மணி நேரம்தான், நாள் பூரா குறைக்கணும்னா நாள் பூரா போதைலயே இருக்கணும். அதுக்கு நல்ல சொட்டு மருந்து இருக்கு. கேன்சரையே குணப்படுத்தும்னு யாராவது சொன்னா அந்த இடத்தை விட்டு உடனே எழுந்து வாங்க. மனுஷங்கள்ல அதுக்கு ஆதாரம் கிடையாது, அதை நம்பி கீமோவைத் தள்ளிப் போட்டா திரும்ப வராத நேரம் போயிடும். குமட்டலுக்கும் பசிக்கும் வலிக்கும் கேக்குறது வேற, கட்டியைக் கரைக்கக் கேக்குறது வேற.

ஸ்டெப் 3: உங்களுக்கு ஆகாதான்னு முன்னாடியே பாருங்க

உங்களுக்கோ, அப்பா அம்மா கூடப்பிறந்தவங்களுக்கோ சைக்கோசிஸ் (எது நிஜம் எது பிரமைன்னு தெரியாத நிலை), ஸ்கிசோஃப்ரீனியா இருந்திருந்தா டிஹெச்சி ஆபத்து. நம்ம வீடுகள்ல இதை மறைக்கிற பழக்கம் இருக்கு, "சித்தப்பாவுக்கு கொஞ்ச நாள் மனசு சரியில்ல"ன்னு சொல்லி முடிச்சுடுவாங்க. தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, அந்த ஒரு வரி உங்களைக் காப்பாத்தும். கர்ப்பமா இருந்தாலோ பால் குடுத்தாலோ வேண்டாம். ஹார்ட் அட்டாக் வந்தவங்க, இதயத் துடிப்பு சீரா இல்லாதவங்க கார்டியாலஜிஸ்ட்கிட்ட கேக்காம தொடவே கூடாது, டிஹெச்சி துடிப்பை ஏத்தும். வயசானவங்களுக்கு விழுந்துடுற பயம் இருக்கு.

அடுத்து மத்த மாத்திரைங்களோட மோதுறது. சிபிடி கல்லீரல்ல இருக்கிற என்சைம்களைத் தடுக்குது, அதனால க்ளோபசாம் எடுக்குற வலிப்பு நோயாளிக்கு அந்த மருந்தோட அளவு ரத்தத்துல ஏறி எப்பவும் தூக்கமாவே இருப்பாங்க. வால்ப்ரோயேட்டோட சேந்தா லிவர் டெஸ்ட் ஏறலாம். வார்ஃபரின் எடுக்கிறவங்களுக்கு ரத்தம் உறையற அளவு மாறிடும், கிட்னி மாத்தினவங்க எடுக்கிற டாக்ரோலிமஸ் அளவு கூடிடும். இதனாலதான் நீங்க எடுக்குற எல்லா மருந்தையும், சித்த மருந்து நாட்டு மருந்து உள்பட, ஒரே பேப்பர்ல எழுதி வைக்கச் சொல்றது.

ஸ்டெப் 4: நீங்க இருக்கிற நாட்டுல கதவு எங்க இருக்கு

2020 டிசம்பர்ல ஐநா போதைப்பொருள் ஆணையம் ஓட்டெடுப்பு நடத்தி, 1961 ஒப்பந்தத்துல மருத்துவப் பயனே இல்லாத மிக ஆபத்தான பொருள்களுக்கான பட்டியல்லேர்ந்து கேன்னபிஸை எடுத்தாங்க, 27க்கு 25ன்னு மயிரிழைல ஜெயிச்சது. அதுக்காக உலகம் பூரா திறந்துடுச்சுன்னு நினைக்க வேண்டாம், கட்டுப்பாட்டுப் பட்டியல்ல அது இன்னும் இருக்கு, ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குதான் சட்டம் வச்சிருக்கு. நம்ம மக்கள் அதிகமா இருக்கிற நாடுகளைப் பாத்துடலாம்.

கனடாவுல பாதை தெளிவா இருக்கு. டாக்டரோ நர்ஸ் ப்ராக்டிஷனரோ ஒரு மெடிக்கல் டாக்குமெண்ட் குடுப்பாங்க, ஒரு நாளைக்கு எத்தனை கிராம்னு அதுல இருக்கும், அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும். அதை வச்சு மத்திய அரசு லைசென்ஸ் குடுத்த விற்பனையாளர்கிட்ட பதிவு பண்ணா வீட்டுக்கே அனுப்புவாங்க. நீங்களே வளக்கணும்னா ஹெல்த் கனடாவுல தனியாப் பதியணும். 2018 அக்டோபர்லேர்ந்து பெரியவங்க யாரும் கடையில வாங்கலாமே, எதுக்கு இந்த அலைச்சல்னு கேப்பீங்க. கையில வச்சுக்கற அளவு கூடும், செலவை வரிக் கணக்குல மருத்துவச் செலவாக் காட்டலாம், வேலை செய்யற இடத்துல பேச ஒரு ஆவணம் இருக்கும், எல்லாத்துக்கும் மேல உங்க மத்த மாத்திரைங்களைப் பாத்து சொல்ல ஒரு டாக்டர் இருப்பார்.

இங்கிலாந்துல 2018 நவம்பர் 1லேர்ந்து சட்டம் அனுமதிக்குது. ஆனா முதல் தடவை எழுதுறது ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர்ல இருக்கிற டாக்டராதான் இருக்கணும், குடும்ப டாக்டரால ஆரம்பிக்க முடியாது. அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் வழியா கிடைக்கிறது பெரும்பாலும் ஸ்டெப் 1ல சொன்ன லைசென்ஸ் மருந்துகள்தான், மத்ததுக்கு பிரைவேட் கிளினிக்தான் கதி, அதுக்கு கைக்காசு. அங்க பிரிஸ்கிரிப்ஷன் இருந்தாலும் பூவைப் பத்த வச்சுப் புகைக்கிறது குற்றம், வேப்பரைசர்ல (எரிக்காம சூடாக்கி ஆவியா இழுக்கிற கருவி) எடுக்கலாம். வீட்டுல வளக்கக் கூடாது.

ஜெர்மனி 2017ல திறந்துச்சு, 2024 ஏப்ரல்லேர்ந்து போதைப்பொருள் சட்டத்துலேர்ந்தே எடுத்துட்டாங்க, சாதாரண பிரிஸ்கிரிப்ஷன்லயே எழுதலாம். அரசு இன்ஷூரன்ஸ் காசு தரணும்னா நோய் கடுமையானதா இருக்கணும், வேற சிகிச்சை இல்லாமலோ பொருந்தாமலோ இருக்கணும், எழுதுற டாக்டரைப் பொறுத்து சில சமயம் முன் அனுமதியும் வேணும்.

ஆஸ்திரேலியாவுல எபிடியோலெக்ஸ், சாட்டிவெக்ஸ் ரெண்டு தவிர மத்ததெல்லாம் பதிவு செய்யாத மருந்து. ஆனா அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிஏவோட ஸ்பெஷல் ஆக்சஸ் ஸ்கீம் வழியாவோ, ஆதரைஸ்டு பிரிஸ்கிரைபர் அனுமதி இருக்கிற டாக்டர் வழியாவோ வாங்கலாம். அப்ளை பண்றது நீங்க இல்ல, உங்க டாக்டர்.

அமெரிக்காவுல மாநிலத்துக்கு ஒரு சட்டம், 1996ல கலிஃபோர்னியால ஆரம்பிச்சது. அங்க டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் எழுதுறதில்ல, இந்த நோய் இவருக்கு இருக்குன்னு சர்டிஃபை பண்ணுவார், நீங்க அந்த மாநிலத்துல குடியிருக்கிற ஆதாரத்தோட பதிவு பண்ணி கார்டு வாங்கி டிஸ்பென்சரிங்கற கேன்னபிஸ் கடைக்கு போகணும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தகுதியான நோய்ப் பட்டியல் தனி. கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப்புக்காக காத்திருக்கிறவங்க இங்க நின்னு நிதானமா படிங்க: குடியேற்றம் மத்திய அரசு கையில, மத்திய சட்டத்துல கேன்னபிஸ் பிரச்சனை, மாநிலம் கார்டு குடுத்திருந்தாலும் சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தை அது பாதிக்கலாம்னு குடியேற்றத் துறை 2019லயே எழுத்துல சொல்லிடுச்சு. கார்டுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்க, டிஸ்பென்சரி கவுண்டர்ல இருக்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

இந்தியாவுல 1985 என்டிபிஎஸ்ங்கற போதைப்பொருள் சட்டம் கஞ்சான்னு சொல்றது பூவையும் காயையும், சரஸ்னு சொல்றது பிசினை. பூ சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள்ள வராது. அந்த இடைவெளியிலதான் ஆயுஷ் லைசென்ஸ் வாங்கின கம்பெனிங்க விஜயாங்கற பேர்ல இலை மருந்து தயாரிக்கிறாங்க, ஆயுர்வேத டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன்ல அது கிடைக்குது. ஆனா இலைக்கு மாநிலச் சட்டம் தனியா இருக்கு, ஒரு மாநிலத்துல சரியா இருக்கிறது பக்கத்து மாநிலத்துல வழக்காகும். பிரிஸ்கிரிப்ஷன், பில், லைசென்ஸ் நம்பர் போட்ட பாட்டில், மூணும் சேந்தே இருக்கட்டும்.

சிங்கப்பூர் பத்தி ஒரே வரி: நோயாளிங்கறதுக்காக அங்க சலுகை எதிர்பாக்காதீங்க, சிங்கப்பூர் குடிமக்களும் பிஆர்களும் வெளிநாட்டுல எடுத்தாக்கூட அங்க குற்றம்.

ஸ்டெப் 5: ஃபைல் தயார் பண்றது

எந்த நாடா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான்: இந்த நோய் இவருக்கு நிஜமா இருக்கா, சாதாரண மருந்துங்களை ஒழுங்கா எடுத்துப் பாத்தாரா? இங்கிலாந்து கிளினிக்குங்க வழக்கமா ரெண்டு சிகிச்சையாவது எடுத்துப் பலிக்காம போயிருக்கணும்னு கேப்பாங்க, மத்த இடத்துலயும் இதே மாதிரிதான். பதில் உங்க வாய்ல இருந்தா போதாது, ரெகார்ட்ல இருக்கணும்.

குடும்ப டாக்டர்கிட்ட உங்க மெடிக்கல் ரெகார்டோட சுருக்கம் கேளுங்க, அது உங்க உரிமை. கூடவே நோயை உறுதி பண்ணின ஸ்பெஷலிஸ்ட் லெட்டர், எம்ஆர்ஐ, இஇஜி மாதிரி ரிப்போர்ட்டுங்க, டிஸ்சார்ஜ் சம்மரி. ஸ்கேன் ஃபிலிம் தேவையில்ல, எழுத்துல இருக்கிற ரிப்போர்ட்தான் வேணும். இதுக்கு மேல நீங்களே ஒரு பக்கம் எழுதுங்க, இதுதான் முக்கியம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி: பேர், அளவு, எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரை, ஏன் நிறுத்தினாங்க. "கபாபென்டின், 900 மில்லிகிராம், மார்ச்லேர்ந்து ஜூன், வலி கொஞ்சம் குறைஞ்சது, தலைசுத்தி ரெண்டு தடவை விழுந்ததால நிறுத்தினாங்க." இப்படி ஒரு வரி, "எல்லா மாத்திரையும் சாப்ட்டாச்சு ஒண்ணும் கேக்கல"ங்கறதை விட நூறு மடங்கு வேலை செய்யும். பிசியோதெரபி, ஊசி, கவுன்சலிங் எல்லாமே சிகிச்சைதான், விட்டுடாதீங்க.

டாக்டர் நிறுத்தச் சொன்னது ரெகார்ட்ல இல்லாம போறது அடிக்கடி நடக்குது, நீங்களா நிறுத்தின மாதிரி தெரியும். அப்படி இருந்தா அடுத்த அப்பாயின்ட்மெண்ட்லயே சொல்லி எழுத வைங்க.

ஸ்டெப் 6: டாக்டர்கிட்ட எப்படிக் கேக்குறது

"டாக்டர், எனக்கு கஞ்சா எழுதித் தருவீங்களா?"ன்னு ஆரம்பிச்சா பேச்சு அங்கயே நின்னுடும். இப்படிக் கேட்டுப் பாருங்க: "டாக்டர், இந்த நரம்பு வலிக்கு ரெண்டு மருந்து எடுத்துட்டேன், விவரம் இந்தப் பேப்பர்ல இருக்கு. ராத்திரி தூக்கம் மூணு மணி நேரம்தான். அடுத்த கட்டமா கேன்னபினாய்டு மருந்து எனக்குப் பொருந்துமா, பொருந்தாதுன்னா என்ன காரணம்னு சொல்றீங்களா?" கேன்னபினாய்டுன்னா சிபிடி, டிஹெச்சி மாதிரி பொருள். இப்படிக் கேட்டா அது மருந்து கேக்குறது இல்ல, மருத்துவக் கேள்வி. அதுக்கு அவர் பதில் சொல்லியே ஆகணும். முடியாதுன்னு சொன்னாலும் காரணத்தை ரெகார்ட்ல எழுதச் சொல்லுங்க, வலி ஸ்பெஷலிஸ்ட்டுக்கோ நியூராலஜிஸ்ட்டுக்கோ ரெஃபர் பண்ண முடியுமான்னு அப்பவே கேளுங்க. ஏற்கனவே நீங்களா வெளில வாங்கி எடுத்துட்டிருந்தா அதையும் சொல்லிடுங்க. அளவு முடிவு பண்ண அது அவருக்குத் தெரியணும், மயக்க மருந்து குடுக்கிற ஆப்பரேஷன் ஏதும் வந்தா அது உயிர் விஷயம்.

பிரைவேட் கிளினிக்தான் வழின்னா சேர்றதுக்கு முன்னாடி சில விஷயம் பாருங்க. அந்த நாட்டு மருத்துவக் கண்காணிப்பு அமைப்புல கிளினிக் பதிவு இருக்கா, எழுதப் போற டாக்டர் பேர் மெடிக்கல் கவுன்சில் லிஸ்ட்ல இருக்கா, அவர் உங்க நோய்க்கான ஸ்பெஷலிஸ்டா. உங்க ரெகார்டையே கேக்காம அஞ்சு நிமிஷ வீடியோ கால்ல அதிக டிஹெச்சி பூவை எழுதித் தர்ற இடம் உங்களை நோயாளியாப் பாக்கல. அதே கம்பெனி தயாரிக்கிற பொருளை மட்டுமே எழுதுற கிளினிக்கும் இருக்கு, வேற கம்பெனிப் பொருள் எழுதுவீங்களான்னு நேராக் கேளுங்க. முதல் கன்சல்டேஷன், ஃபாலோ அப், ரிப்பீட் பிரிஸ்கிரிப்ஷன், மருந்து, டெலிவரி, அஞ்சுக்கும் தனித்தனியா எவ்வளவுன்னு எழுத்துல வாங்கி ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க. முதல் மாச விலையைப் பாத்து சேந்துட்டு நாலாவது மாசம் பாதியில விடுறது நோயாளிக்குதான் கஷ்டம்.

பிரிஸ்கிரிப்ஷனே இல்லாம "பேஷண்ட் ஐடி கார்டு" விக்கிறவங்க இருக்காங்க. அரசு பதிவேடு குடுக்காத கார்டுக்கு சட்டத்துல மதிப்பு கிடையாது.

குழந்தைக்குன்னா வேற எங்கயும் போகாதீங்க, குழந்தைகளுக்கான நியூராலஜிஸ்ட் மட்டும்தான். 2018ல இங்கிலாந்துச் சட்டம் மாறினதுக்கே பில்லி கால்டுவெல், ஆல்ஃபி டிங்லினு வலிப்பு நோயுள்ள ரெண்டு பசங்களோட குடும்பம் நடத்தின போராட்டம் பெரிய காரணம். அந்த வழியை அம்மா அப்பாங்கதான் திறந்தாங்க, ஆனா நடந்து போறது டாக்டர் கையப் பிடிச்சுக்கிட்டுதான்.

ஸ்டெப் 7: மருந்து கைக்கு வந்ததும் லேபிளைப் படிங்க

உங்க பேர், டாக்டர் எழுதின பொருள் பேர், பலம், தேதி, பார்மசி பேர், அஞ்சும் சரியா இருக்கான்னு பாருங்க. மருந்தை எப்பவும் அந்த லேபிள் ஒட்டின டப்பாலயே வைங்க, சின்ன டப்பாவுக்கு மாத்தினா அந்த நிமிஷமே ஆதாரம் போச்சு.

பலத்தைப் படிக்கிறதுல நிறைய பேர் தடுமாறுறாங்க. எண்ணெய் பாட்டில்ல டிஹெச்சி 10, சிபிடி 10னு இருந்தா வழக்கமா ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம்னு அர்த்தம், அப்போ 0.25 மில்லிலிட்டர் சிரிஞ்சுல எடுத்தா 2.5 மில்லிகிராம் டிஹெச்சி. பூவுல டி20ன்னு இருந்தா டிஹெச்சி 20 சதவீதம், ஒரு கிராம் பூவுல 200 மில்லிகிராம், ஒரு சிட்டிகை 0.1 கிராம்லயே 20 மில்லிகிராம் இருக்கு. எண்ணெய்லேர்ந்து பூவுக்கு மாறும்போது இந்தக் கணக்கு தெரியாம எடுத்துட்டு படபடப்பு வந்து எமர்ஜென்சிக்கு ஓடுறாங்க. கணக்குப் போடத் தெரியலன்னா பார்மசிஸ்ட்கிட்ட கேளுங்க, அவர் வேலையே அதுதான்.

ஸ்டெப் 8: முதல் சில வாரம்

குறைச்சலா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துறதுதான் முறை, அளவை டாக்டர் சொல்வார். நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது நேரக் கணக்கு. வேப்பரைசர்ல எடுத்தா சில நிமிஷத்துல தெரியும், ரெண்டு மூணு மணி நேரத்துல இறங்கும். வாய் வழியா முழுங்கினா அரை மணிலேர்ந்து ரெண்டு மணி நேரம் ஆகும் ஏற, ஆறு எட்டு மணி நேரம் நிக்கும். ஒரு மணி நேரம் பாத்துட்டு ஒண்ணும் தெரியலையேன்னு ரெண்டாவது டோஸ் போடுறதுதான் எல்லாத்தையும் கெடுக்கறது, ரெண்டும் சேந்து ஏறும். போடாதீங்க, டாக்டர் சொன்ன அடுத்த நேரம் வரை பொறுங்க. இன்னொண்ணு, சிபிடி சிரப் கொழுப்புள்ள சாப்பாட்டோட எடுத்தா வெறும் வயித்துல எடுக்கிறதை விட நாலஞ்சு மடங்கு ரத்தத்துல சேரும். அதனால ஒரு நாள் சாப்பிட்டுட்டு ஒரு நாள் சாப்பிடாமன்னு எடுக்காதீங்க, தினமும் ஒரே மாதிரி எடுங்க.

முதல் டோஸ் ராத்திரி, வீட்டுல, கூட ஒருத்தர் இருக்கிற நாள்ல. பக்கத்துல ஒரு நோட்டு. "9:30க்கு 0.25 மில்லி. வலி 7. 11 மணிக்கு வலி 5. ஒரு தடவை முழிச்சேன். காலைல தலை பாரம், வாய் வறட்சி." இப்படி தினமும் ஒரு வரி. அடுத்த ஃபாலோ அப்ல "பரவால்ல டாக்டர்"னு சொல்றதுக்கு பதிலா இந்த நோட்டை நீட்டுங்க, தொடரலாமா மாத்தலாமான்னு முடிவெடுக்கிறதுக்கும் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிறதுக்கும் இதுதான் ஆதாரம். ஒரு பக்கமும் பலன் இல்லன்னா அதையும் அப்படியே எழுதுங்க, பலிக்காத மருந்தை இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினோமேன்னு தொடர்றதுல அர்த்தமே இல்ல.

நீண்ட நாள் எடுக்கிற சிலருக்கு குமட்டலும் வாந்தியும் விடாம வரும், வெந்நீர்ல குளிச்சா மட்டும் அடங்கும். அது இந்த மருந்தாலயே வர்ற கோளாறு, குமட்டலுக்கு இன்னும் கொஞ்சம் எடுத்தா இன்னும் மோசமாகும், டாக்டரைப் பாருங்க.

ஸ்டெப் 9: வண்டி, வேலை, பயணம்

பிரிஸ்கிரிப்ஷன் உங்களை மருந்து வச்சிருக்க அனுமதிக்குது, வண்டி ஓட்ட அனுமதிக்கலங்கறதை மனசுல வைங்க. இங்கிலாந்துல ஒரு லிட்டர் ரத்தத்துல 2 மைக்ரோகிராம் டிஹெச்சிதான் எல்லை. டாக்டர் சொன்னபடி எடுத்து, நிதானம் தவறாம இருந்தா நோயாளிக்கு சட்டத்துல ஒரு தற்காப்பு இருக்கு, அதுக்கு பிரிஸ்கிரிப்ஷன் நகல் வண்டியிலயே இருக்கட்டும். ஆஸ்திரேலியாவோட பெரும்பாலான மாநிலங்கள்ல உடம்புல டிஹெச்சி இருந்தாலே குற்றம், மருந்தாங்கறதைப் பாக்க மாட்டாங்க, டாஸ்மேனியா மட்டும் நோயாளிக்கு விலக்கு தருது. எந்த நாடா இருந்தாலும் புதுசா ஆரம்பிக்கும்போதும் அளவு மாத்தும்போதும் ஓட்டாதீங்க.

வேலை இடத்துல சிறுநீர் டெஸ்ட் இருந்தா தினமும் எடுக்கிறவங்களுக்கு நிறுத்தின பல வாரம் கழிச்சும் பாசிட்டிவ் வரும். டெஸ்ட் வந்த பிறகு சொல்றதை விட முன்னாடியே ஹெச்ஆர் இல்ல கம்பெனி டாக்டர்கிட்ட எழுத்துல சொல்லி வைங்க. பஸ், ட்ரக், கிரேன், விமானம்னு பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலைன்னா மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசணும், அப்புறம் பேசினா வேலை போயிடலாம்.

பயணம்தான் எனக்கு ரொம்ப பயமான இடம், ஏன்னா நம்ம ஆளுங்க ஊருக்குப் போகும்போது வழியில சிங்கப்பூர், வளைகுடான்னு இறங்கி ஏறுவாங்க. உங்க பிரிஸ்கிரிப்ஷன் எல்லைக்கு அந்தப் பக்கம் வெறும் காகிதம். கனடாலேர்ந்து மெடிக்கல் டாக்குமெண்ட் இருந்தாலும் வெளில எடுத்துட்டுப் போறது கனடாச் சட்டப்படியே குற்றம். ஐரோப்பாவோட ஷெங்கன் நாடுகளுக்குள்ள மட்டும் ஒரு வசதி இருக்கு, டாக்டர் நிரப்பி அரசு அலுவலகம் முத்திரை போட்ட சான்றிதழ் இருந்தா 30 நாளுக்கான மருந்து எடுத்துட்டுப் போகலாம். மத்தபடி போற நாடு, நடுவுல இறங்குற நாடு ரெண்டோட தூதரகத்துலயும் எழுத்துல கேட்டு பதில் வாங்குங்க. பதில் வரலன்னா மருந்து வராதுன்னு முடிவு பண்ணிட்டு, அந்த நாட்களுக்கு வேற மருந்து என்னன்னு டாக்டர்கிட்ட பல வாரம் முன்னாடியே பேசிடுங்க. வேப்பரைசரையும் கூடக் கொண்டு போகாதீங்க, உள்ள ஒட்டின பிசினே ஒரு வழக்குக்குப் போதும்.

ஸ்டெப் 10: மறுத்துட்டா, இல்ல புதுப்பிக்கணும்னா

மறுப்புல மூணு விதம் இருக்கு, மூணுக்கும் வேற வேற வழி. நோய் தகுதிப் பட்டியல்ல இல்லன்னா அதே நோயோட தகுதியான அறிகுறி எதாவது ரெகார்ட்ல இருக்கான்னு டாக்டரோட பாருங்க, நாள்பட்ட வலி பல இடத்துல தனித் தகுதி. போதுமான சிகிச்சை எடுக்கலன்னு மறுத்தா எது மிச்சம்னு பேர் சொல்லிக் கேட்டு, அதை எடுத்துப் பாத்துட்டு தேதியோட திரும்பப் போங்க. இன்ஷூரன்ஸ் மறுத்தா கடிதத்துலயே அப்பீல் தேதி இருக்கும், அந்தத் தேதியைத் தவற விடாதீங்க, ஸ்பெஷலிஸ்ட்கிட்ட உங்க மருந்து வரலாறைக் குறிப்பிட்டு ஒரு லெட்டர் வாங்கி இணைங்க. ஆதாரத்தோட வர்ற அப்பீல் முதல் விண்ணப்பத்தை விட பலமா இருக்கும். நோயாளி அமைப்புங்க பல நாட்டுல இலவசமாவே லெட்டர் எழுத உதவி பண்றாங்க, எம்எஸ், வலிப்பு, கேன்சர்னு உங்க நோய்க்கான சங்கத்துல முதல்ல கேளுங்க.

புதுப்பிக்கிற தேதியை ஃபோன்ல ஆறு வாரம் முன்னாடியே அலாரம் வைங்க. கார்டோ டாக்குமெண்டோ காலாவதி ஆன மறுநாள் உங்க கைல இருக்கிற அதே பாட்டில் சட்டவிரோதம் ஆகலாம். இங்கிலாந்துல இந்த வகை பிரிஸ்கிரிப்ஷன் எழுதின தேதிலேர்ந்து 28 நாள்தான் செல்லும், அதுக்குள்ள பார்மசி மருந்து தரலன்னா திரும்ப எழுதணும். ஸ்டாக் இல்லாம போறதும் சகஜம், அதனால மாத்துப் பொருள் எதுன்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வைங்க, பார்மசி தானா மாத்தித் தர முடியாது.

வீட்டுல பூட்டு போட்ட பெட்டியில வைங்க, குழந்தைங்க இருந்தா கண்டிப்பா. யாருக்கும், அதே நோய் இருக்கிற சொந்த அக்காவுக்குக்கூட, ஒரு சொட்டு குடுக்காதீங்க, சட்டத்துல அது சப்ளை, உங்க பிரிஸ்கிரிப்ஷனும் போயிடும். மருந்து நிறுத்தினா மிச்சத்தைக் குப்பைலயோ சிங்க்லயோ போடாம, உங்க ஊர்ல பார்மசி திரும்ப எடுத்துக்குமான்னு கேட்டு அங்கயே குடுத்துட்டு, குடுத்ததுக்கு ரசீது வாங்கி ஃபைல்ல வைங்க.